மாலை போடும் முன் பாருங்கள்!

மாடு வாங்கப் போகிறவர் சும்மா வாங்குவது இல்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நடக்க விட்டுப் பார்க்கிறார். விவரம் தெரிந்த நாலு பேரைக் கூட அழைத்துப் போகிறார்.

மண் பானை வாங்குகிற பெண் அதைத் தட்டிப் பார்க்கிறாள். ஓசை சரியாக இல்லை என்றால், அதை வைத்துவிட்டு அடுத்த பானையை எடுக்கிறாள்.

பத்து லட்சம், பதினைந்து லட்சம் ரூபாய் கொடுத்து மின்சாரக் கார் வாங்குகிறவர் என்ன செய்கிறார்?

கடையில் காருக்கு மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். பட்டுத்துணி போர்த்தி இருக்கிறார்கள். துணியை விலக்கியதும் எல்லோரும் கை தட்டுகிறார்கள். அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்து, படம் பிடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுக்கிறார்கள். குடும்பமே மகிழ்ச்சியில் மிதக்கிறது. காட்டிய இடத்தில் எல்லாம் அவர் கையெழுத்துப் போடுகிறார். எலுமிச்சம் பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி வீட்டுக்கு வருகிறது.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தால், ஒரு கதவு கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பின் கதவின் நிறம், பக்கத்துத் தகட்டின் நிறத்தோடு ஒத்துப் போகவில்லை. முதல் மழையில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டால், பதில் தயாராக இருக்கிறது.

"நேற்று பார்த்துத்தானே வாங்கினீர்கள்? ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் போட்டு இருக்கிறீர்களே!"

இந்தப் பதிலுக்கு இடம் கொடுக்காமல் இருப்பது எப்படி? அதைத்தான் கார் வாங்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேரிகையும் மின்சார வண்டியும்

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி தாலுகாவில் இருக்கிறது, பேரிகை. கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இங்கே காதில் விழும். ஒரு பக்கம் பாகலூர் வழியாக ஓசூர். இன்னொரு பக்கம் எல்லை தாண்டினால் மாலூர். காய்கறியும் பூவும் விளையும் பூமி. அதே பூமியில் இருந்து ஆண்களும் பெண்களும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள்.

மின்சார வண்டிகள் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஓசூரில் இருந்து பெங்களூர் போகும் சாலையில், பொம்மசந்திரா இருக்கிறது. ‘ரேவா' என்ற சின்ன மின்சாரக் காரை அங்கேதான் செய்தார்கள். அது விற்பனைக்கு வந்த ஆண்டு 2001. அந்தக் கார் லண்டன் தெருக்களிலும் ஓடியது. 2010-ல் அந்தக் கம்பெனி மகிந்திரா கம்பெனியின் கைக்குப் போயிற்று.

எல்லைக்கு இந்தப் பக்கம், ஓசூரில், டி.வி.எஸ். கம்பெனி ‘ஐக்யூப்' என்ற மின்சார ஸ்கூட்டரைச் செய்கிறது. அது 2020-ல் வெளிவந்தது. ஏதர் கம்பெனியின் தொழிற்சாலை 2021-ல் ஓசூரில் வேலையைத் தொடங்கியது. போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் ஓலா கம்பெனி தொழிற்சாலை அமைத்தது. அங்கே உற்பத்தி வேலையைப் பெண்களைக் கொண்டே நடத்தப் போவதாக 2021-ல் அறிவித்தது. சூளகிரியில் சிம்பிள் கம்பெனியின் தொழிற்சாலை 2023-ல் திறக்கப்பட்டது. மாநிலத்தின் தென் கோடியில், தூத்துக்குடியில், வியட்நாம் நாட்டின் வின்பாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

ஆகவே, வண்டியைச் செய்கிறவரும் வண்டியை வாங்குகிறவரும் ஒரே வீட்டில் இருக்கும் வட்டாரம் இது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும்.

தொழிற்சாலையில் ஒரு திருகாணி வந்தால் கூட, அளந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ‘க்யூ.சி.' என்றால் என்ன என்று ஓசூர்ப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். தரத்துக்காக ஜப்பான் நாடு கொடுக்கும் புகழ் பெற்ற பரிசு, டெமிங் பரிசு. 1951-ல் ஏற்பட்ட அந்தப் பரிசை 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி பெற்றது.

பகல் முழுவதும் கம்பெனிக்காக ஒவ்வொரு பொருளையும் அளந்து பார்க்கிறார், ஒரு தொழிலாளி. அதே தொழிலாளி தன் சொந்தக் காரை வாங்கும்போது, ஒன்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்! கம்பெனிப் பணத்துக்குக் காட்டும் அக்கறையைச் சொந்தப் பணத்துக்குக் காட்ட வேண்டாமா?

புது வண்டியில் குறை எப்படி வரும்?

"புது வண்டிதானே! அதில் என்ன குறை இருக்கப் போகிறது?" என்று பலர் நினைக்கிறார்கள்.

குறை வரும். வருவதற்கு மூன்று இடங்கள் உண்டு.

முதல் இடம், தொழிற்சாலை. ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. தகடுகளை ஒட்டி, பற்றவைத்து, வர்ணம் பூசி, கதவுகளை மாட்டுகிறார்கள். ஒரு கீல் சிறிது விலகினாலும், கதவு சரியாக உட்காராது. புதிய மாடல் வெளிவந்த முதல் சில மாதங்களில் இந்தத் தொல்லை அதிகம். ஆட்களுக்கும் இயந்திரங்களுக்கும் வேலை படிய நாள் ஆகும்.

இரண்டாவது இடம், சாலை. நீளமான லாரிகளில் கார்களை ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டு வருகிறார்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் உராய்வு ஏற்படலாம். அடியில் இடி படலாம்.

மூன்றாவது இடம், கடைக்காரரின் கிடங்கு. வெயிலிலும் மழையிலும் வண்டி மாதக்கணக்கில் நிற்கலாம். ஒரே இடத்தில் நின்றால் டயர் கெடும். பாட்டரி இறங்கும். எலி புகுந்து ஒயரைக் கடிக்கும். கீறல் விழுந்த வண்டிக்கு அங்கேயே வர்ணம் பூசி, ‘புதிது' என்று நிறுத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாக் கடைக்காரர்களும் அப்படி அல்ல. ஆனால், நல்லவர் யார், மற்றவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம்.

உலகத்தில் மின்சாரக் காருக்குப் பேர் போனது, அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி. அந்தக் கம்பெனியின் கார்களில், தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறு பக்கம் ஒடுக்கமாகவும் இருப்பதாக வாங்கியவர்கள் பல ஆண்டுகள் குறை சொன்னார்கள். 2021-ல் கம்பெனித் தலைவர் எலான் மஸ்க் ஒரு பேட்டியில் அதை ஒப்புக்கொண்டார். உற்பத்தியை வேகமாகப் பெருக்கும் காலத்தில் தரம் குறைகிறது என்றார். வாங்குவதானால் முதலிலேயே வாங்க வேண்டும், அல்லது உற்பத்தி நிலைபெற்ற பிறகு வாங்க வேண்டும் என்றும் சொன்னார்.

2023-ல் இன்னும் பெரிய செய்தி வந்தது. அந்தக் கம்பெனியின் இரண்டு புதுக் கார்களில், ஓட்டிக்கொண்டு இருக்கும்போதே ஸ்டீரிங் சக்கரம் கழன்று வந்துவிட்டது! காரணம் என்ன? அதைப் பிடித்து வைக்கும் போல்ட்டே மாட்டப்படாமல் அந்தக் கார்கள் விற்கப்பட்டு இருந்தன. அமெரிக்க அரசாங்கம் விசாரணை நடத்தியது.

2025 மார்ச்சில், ‘சைபர்டிரக்' என்ற வண்டியில் வெளித் தகடு பிரிந்து விழக்கூடும் என்று கண்டார்கள். 46,096 வண்டிகளைத் திருப்பி அழைத்துச் சரி செய்ய வேண்டி வந்தது.

பெரிய கம்பெனி, பெரிய விலை, பெரிய நாடு. இருந்தும் குறை வந்தது. ஆகவே, ‘பேர் பெற்ற கம்பெனி' என்ற ஒன்றை மட்டும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. வெளுத்தது எல்லாம் பால் அல்ல.

நம் நாட்டில் நடந்தவை

நம் நாட்டில் மின்சார ஸ்கூட்டர்கள் பாடம் கற்பித்து இருக்கின்றன.

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில், புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவில் சார்ஜ் போட்டிருந்தார்கள். அது தீப்பிடித்தது. தந்தையும் மகளும் மாண்டார்கள். நாடே திடுக்கிட்டது.

அடுத்த மாதமே, ஒகினாவா கம்பெனி 3,215 ஸ்கூட்டர்களையும், ஓலா கம்பெனி 1,441 ஸ்கூட்டர்களையும் பாட்டரிச் சோதனைக்காகத் திருப்பி அழைத்தன. பாட்டரிகளுக்கு மத்திய அரசாங்கம் கடுமையான சோதனைகளை விதித்தது. அவை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டங்களில் அமுலுக்கு வந்தன.

2024 அக்டோபரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா கம்பெனிக்கு நோட்டீசு அனுப்பியது. ஓராண்டில் 10,644 புகார்கள் வந்திருப்பதாகக் கூறி விளக்கம் கேட்டது. அவற்றில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டுவிட்டது என்று கம்பெனி பதில் சொன்னது.

இதை எல்லாம் சொல்வது மின்சார வண்டி வேண்டாம் என்பதற்காக அல்ல. மின்சார வண்டியில் புகை இல்லை. பெட்ரோல் செலவு இல்லை. அரசாங்கமும் 2019 ஆகஸ்டு முதல் தேதியில் இருந்து அதற்கு ஜி.எஸ்.டி. வரியை 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும்.

எப்போது பார்ப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி.

பலர் மாலை போட்ட பிறகு பார்க்கிறார்கள். அது காலம் கடந்த வேலை.

பதிவு செய்யாத வண்டியை வாங்குபவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. தற்காலிகப் பதிவாவது இருக்க வேண்டும். ஆகவே, சாவி உங்கள் கைக்கு வரும் நாளில், வண்டி பெரும்பாலும் உங்கள் பெயரில் பதிவு ஆகி இருக்கும். பதிவு ஆன வண்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா? மாட்டார். வேறு ஒருவருக்குப் புது வண்டி என்று அதை விற்க முடியாதே!

பதிவுக்கு முன்னால் நிலைமை வேறு. "இந்த வண்டி வேண்டாம், வேறு வண்டி கொடுங்கள்" என்று நீங்கள் கேட்கலாம். அவரும் மாற்றிக் கொடுக்கலாம்.

ஆகவே, பதிவுக்கு முன்பு வண்டியைப் பார்க்க வேண்டும். கிடங்கில் நின்றாலும் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். இதை முன்பணம் கட்டும் நாளிலேயே கடைக்காரரிடம் சொல்லி, எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பகலில் பாருங்கள். வெயில் இருக்கும்போது பாருங்கள். கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் காரும் பளபளக்கும். மழை ஈரத்தில் கீறல் தெரியாது. வண்டியைக் கழுவித் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். அவசரப்பட வேண்டாம். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். தவணை கட்டப் போவது ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு அல்லவா?

முதலில் எண்ணைப் பாருங்கள்

ஒவ்வொரு காருக்கும் ஒரு சேசிஸ் எண் உண்டு. அது வண்டியின் உடம்பிலேயே பொறிக்கப்பட்டு இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதிலும், இன்ஷூரன்ஸ் பத்திரத்திலும், பதிவுக்கு அனுப்பும் தாள்களிலும் அதே எண் இருக்க வேண்டும். நீங்கள் பார்த்துச் சரி என்று சொன்ன வண்டிதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. தாளில் காட்டச் சொல்லுங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்து இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம். கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. ‘2325' என்று இருந்தால், 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். நான்கு டயர்களிலும் பாருங்கள். ஒன்று மட்டும் வேறு காலத்தியதாக இருந்தால், காரணம் கேளுங்கள்.

எத்தனை கிலோமீட்டர் ஓடி இருக்கிறது என்று பாருங்கள். கிடங்குக்கும் கடைக்கும் நகர்த்தியதில் சில பத்துக் கிலோமீட்டர் ஓடி இருக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால், அது பலரும் ஓட்டிப் பார்த்த வண்டியாக இருக்கக்கூடும்.

பிறகு உடம்பைப் பாருங்கள்

காரின் முன்னால் நின்று பாருங்கள். பின்னால் நின்று பாருங்கள். பிறகு, பக்கத்தில் குனிந்து, நீளவாக்கில் பாருங்கள். தகட்டில் நெளிவு இருந்தால் இப்படிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

முன் மூடிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள சந்தை, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். கதவுகளின் சந்துகளையும் அப்படியே பாருங்கள். மேலே ஒடுக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால், கதவு சரியாக உட்காரவில்லை. விரல் நுனியால் சந்தின் மேல் தடவினால், ஒரு தகடு மேலே தூக்கி இருப்பது கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரியும்.

ஒவ்வொரு கதவையும் மூன்று தடவை திறந்து மூடுங்கள். நான்கு கதவும் ஒரே மாதிரி ஓசையோடு மூட வேண்டும். ஒன்றை மட்டும் ஓங்கி அடிக்க வேண்டி இருந்தால், அதில் கோளாறு இருக்கிறது.

நிறத்தைப் பாருங்கள். எல்லாத் தகடும் ஒரே நிறமாக இருக்கிறதா? கதவின் ஓரத்திலோ ரப்பரிலோ வர்ணம் சிந்தி இருக்கிறதா? சிந்தி இருந்தால், அந்த இடத்துக்குப் பிறகு வர்ணம் பூசி இருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். அதில் சாவி போட்டுத் திருகிய தழும்பு இருந்தால், கழற்றி மாட்டி இருக்கலாம். ஏன் என்று கேளுங்கள்.

கதவைச் சுற்றி இருக்கும் ரப்பரைப் பாருங்கள். பிதுங்காமல், கிழியாமல், முழுச் சுற்றும் ஒட்டி இருக்க வேண்டும். வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லி, பிறகு உள்ளே கால் மிதியைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். பின்னால் சாமான் வைக்கும் இடத்தின் விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால், தண்ணீர் இறங்குகிறது.

மின்சாரக் காருக்கு என்று தனியாக...

பெட்ரோல் காருக்கு உயிர், எஞ்சின். மின்சாரக் காருக்கு உயிர், பாட்டரி. விலையில் பெரும் பங்கும் அதற்குத்தான் போகிறது.

இப்போது வரும் கார்களில் பாட்டரி, வண்டியின் தரைக்கு அடியில், பலகை போல் பரவி இருக்கிறது. லாரியில் ஏற்றி இறக்கும்போது இடி பட்டால், அடி படுவது அதற்குத்தான். ஆகவே, கார்ப் பட்டறையில் உயரத் தூக்கும் மேடையில் வண்டியை ஏற்றச் சொல்லி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆழமான கீறல், நசுங்கல், துரு ஒன்றும் இருக்கக் கூடாது. இதைப் பார்க்க மறந்தால், பிறகு "நீங்கள் கல்லில் இடித்தீர்கள்" என்பார்கள். இல்லை என்று காட்டுவது கடினம்.

சார்ஜ் போட்டுப் பாருங்கள். வண்டியோடு கொடுக்கும் சார்ஜ் ஒயரையே எடுத்து மாட்டச் சொல்லுங்கள். அது வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். சார்ஜ் போடும் துளையின் மூடி நன்றாகத் திறந்து மூட வேண்டும். சார்ஜ் ஆகும்போது திரையில் பாட்டரி அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். வேகமாகச் சார்ஜ் போடும் வசதி பக்கத்தில் இருந்தால், அதிலும் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு. ஒன்று வேலை செய்து, மற்றது செய்யாமல் இருக்கலாம்.

பெரிய பாட்டரியைத் தவிர, 12 வோல்ட்டு சின்ன பாட்டரி ஒன்றும் உண்டு. விளக்கு, பூட்டு, திரை எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பது அதுதான். பெரிய பாட்டரி நிறைந்து இருந்தாலும், சின்ன பாட்டரி செத்துவிட்டால் வண்டி கண் விழிக்காது. கிடங்கில் நெடு நாள் நின்ற வண்டியில் இது இறங்கிப் போவது உண்டு. சோதித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வண்டியைக் கிளப்பியதும் திரையில் சிவப்பு, மஞ்சள் எச்சரிக்கை விளக்குகள் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிவது எது என்று பாருங்கள். "கொஞ்சம் ஓட்டினால் போய்விடும்" என்ற சமாதானத்தை ஏற்கக் கூடாது.

விளக்குகள், ஹாரன், துடைப்பான், கண்ணாடிகள், குளிர் காற்று, பின்னால் பார்க்கும் காமிரா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்து மாட்டிப் பாருங்கள். இதைப் பிள்ளைகளிடம் விட்டால் போதும். ஒன்றையும் விடாமல் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்!

கிடங்கு வளாகத்துக்குள் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து கேளுங்கள். மின்சாரக் காரில் எஞ்சின் இரைச்சல் கிடையாது. ஆகவே, எங்கே கடகடத்தாலும் நன்றாகக் காதில் விழும். நேராகப் போகும்போது ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

பாட்டரிக்குக் கம்பெனி தரும் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். பல கம்பெனிகள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று கொடுக்கின்றன. எந்தக் காரணத்தால் அது செல்லாமல் போகும் என்பதையும் படித்துப் பாருங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால், படிக்கும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குறை தெரிந்தால் என்ன செய்வது?

எல்லாக் குறையும் ஒன்று அல்ல.

கதவைச் சற்றுத் திருப்பி மாட்டுவது, ரப்பரை மாற்றுவது, ஒரு விளக்கைச் சரி செய்வது போன்றவை சிறு குறைகள். இவற்றுக்காக வண்டியே வேண்டாம் என்று சொல்ல வேண்டியது இல்லை. சரி செய்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஆனால், "முதலில் எடுத்துப் போங்கள், முதல் சர்வீசில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

பாட்டரி அடியில் இடி, பிறகு பூசிய வர்ணம், தண்ணீர் இறங்குதல், அணையாத எச்சரிக்கை விளக்கு, எண் மாறுபாடு, இவை பெரிய குறைகள். வேறு வண்டி கேளுங்கள். மாட்டேன் என்றால், முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

எதையும் வாயால் பேசி விட்டுவிடக் கூடாது. செல்போனில் படம் எடுங்கள். குறைகளை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கடைக்காரரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வண்டியைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் தாளிலும், "இன்ன குறைகளோடு பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.

கோவா வழக்கு

எழுத்தின் அருமையைக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. அது மின்சாரக் கார் பற்றியது அல்ல. என்றாலும், எல்லாக் காருக்கும் பொருந்தும்.

கோவாவில் ஒருவர் 2011-ல் புதுக் காருக்குப் பணம் கட்டினார். அவருக்கு வந்த வண்டி 2009-ல் செய்யப்பட்டது. 622 கிலோமீட்டர் ஓடியும் இருந்தது. அவர் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

வண்டியைச் செய்த கம்பெனி வேறு, விற்ற கடைக்காரர் வேறு. கடைக்காரர் செய்த காரியம் கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டப்படாதபோது, கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பொறுப்பு கடைக்காரரோடு நின்றது.

இதில் இருந்து தெரிவது என்ன? வாசலில் பெரிய கம்பெனியின் பெயர்ப் பலகை இருக்கலாம். ஆனால், நீங்கள் பணம் கொடுப்பது கடைக்காரரிடம். கணக்குத் தீர்க்க வேண்டியவரும் அவராக இருக்கலாம். ஆகவே, சாவி வாங்கும் முன்பே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புகார் எழுதினால், கடைக்காரருக்கு ஒன்றும் கம்பெனிக்கு ஒன்றுமாக இரண்டு எழுத வேண்டும்.

எல்லைக்கு அப்பால் வாங்கினால்?

பேரிகை, பாகலூர், ஓசூர் மக்களுக்குப் பெங்களூர் பக்கம். அங்கே போய்க் கார் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியில் குறை வந்தால், கர்நாடகத்துக்குப் போய் வழக்குப் போட வேண்டுமே என்று பயந்து, பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

அந்தப் பயம் வேண்டாம்.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமுலுக்கு வந்தது. அதன்படி, பொருளை வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூரில் வாங்கினாலும், பேரிகைக்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அந்த ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. குறை ஏற்பட்டதில் இருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால், பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

அதற்கு முன்பாக 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து, மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம். தமிழிலும் பேசலாம்.

உயிருக்கு ஆபத்தான குறை பல வண்டிகளில் இருந்தால், அவற்றைத் திருப்பி அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவு போட மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த விதிகள் 2021 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தன.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

வண்டியைச் சோதிக்க வேண்டும் என்று சொன்னால் முகத்தைச் சுளிக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிறார்கள். "கிடங்குக்கு வெளியாட்களை விடுவது இல்லை" என்கிறார்கள். "இன்றைக்கே பதிவு செய்யாவிட்டால் தள்ளுபடி போய்விடும்" என்று அவசரப்படுத்துகிறார்கள்.

இது சரி அல்ல.

அரைப் பவுன் வாங்கினாலும் நகைக் கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டுகிறார். அதனால் அவருக்கு மதிப்பு குறைகிறதா? காரைக் காட்டுவதனால் கார்க் கடைக்காரருக்கு மட்டும் மதிப்பு எப்படிக் குறையும்?

நல்ல கடைக்காரர் தாமே முன்வந்து, "பதிவுக்கு முன் வந்து பாருங்கள்" என்று அழைக்க வேண்டும். பார்க்க வேண்டியவற்றைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும். கம்பெனிகளும் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். அடித்தட்டைப் படம் எடுத்து, சேசிஸ் எண்ணோடு சேர்த்து, வாங்குகிறவருக்குக் கொடுப்பது பெரிய செலவு அல்ல.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. "பதிவுக்கு முன் வண்டியைப் பகலில் பார்த்தேன், சரியாக இருந்தது" என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல், புது வண்டியைப் பதிவு செய்யக் கூடாது என்று விதி வர வேண்டும். ஒரே ஒரு தாள்தான். அது வந்தால் பாதிச் சண்டை குறையும்.

அதுவரை, வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியவர்கள் சொன்ன வார்த்தை. காரில் போடுவது, பூ விற்ற பணம். காய்கறி விற்ற பணம். இரவு ஷிப்டில் கண் விழித்துச் சேர்த்த பணம்.

முதலில் வண்டியைப் பாருங்கள். பிறகு பணத்தைக் கட்டுங்கள். அதன் பிறகு பதிவு நடக்கட்டும். மாலை கடைசியில் போட்டால் போதும்.